சேலத்தில் பறவைக் குஞ்சுகளை எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது?

கேட்டவர் பழவேற்காட்டுப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். வேலை மாற்றலாகிச் சேலத்துக்கு வந்து அஸ்தம்பட்டியில் குடியிருக்கிறார். ஊரில் கோடைக்காலத்தில் மணல்திட்டுகளில் ஆலா என்ற நீர்ப்பறவையின் குஞ்சுகள் ஓடுவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார். "கடலே இல்லாத இந்த ஊரில் என் ஏழு வயது மகளுக்கு எதைக் காட்டுவது? எந்த மாதம், எந்த இடம்? எவ்வளவு பக்கத்தில் போகலாம்? கீழே விழுந்து கிடக்கும் குஞ்சைப் பார்த்தால் என்ன செய்வது?" இதுதான் அவர் கேட்டது.

காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. சேலத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பறவை குஞ்சு வளர்த்துக்கொண்டுதான் இருக்கும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதை ஒட்டித்தான். கூட்டைத் தேடிப் போகாதீர்கள். தாய், தகப்பன் பறவைகளைப் பாருங்கள். அது எங்கே போகிறது, எந்தப் புதருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, அலகில் என்ன வைத்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் கவனித்தால் குஞ்சு இருக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும். எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதும் அதைப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே பார்க்கும் எல்லாப் பறவையும் இங்கே குஞ்சு பொரிப்பதில்லை. பழவேற்காட்டில் பூநாரைகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்திருப்பீர்கள், ஆனால் அவற்றின் கூட்டைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அவை பெருங்கூட்டமாகக் கூடு வைப்பது குஜராத்தின் கட்ச் ரண் பகுதியில். உங்கள் ஊருக்கு வருவது இரைக்காக. சேலத்திலும் இதே கதைதான். ஐப்பசியில் வந்து ஏரிக்கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் சாம்பல் வாலாட்டி, சேற்றைக் குத்திக்கொண்டு திரியும் உள்ளான்கள் எல்லாம் இமயமலைக்கும் அதற்கு அப்பாலும் போய்க் குடும்பம் நடத்துபவை. பங்குனி, சித்திரையில் கிளம்பிவிடும். வாலாட்டியிலேயே கருப்பும் வெள்ளையுமாகக் கொஞ்சம் பெரிதாக ஒன்று வருஷம் முழுக்க இருக்கும், வெண்புருவ வாலாட்டி. அது இந்த ஊர்க்காரன். நீர் ஓரப் பாறை இடுக்கிலும் மதகுப் பொந்திலும் கூடு வைக்கும். பனிக்காலத்தில் ஏரி நிறையப் பறவை இருக்கும், குஞ்சு குறைவாக இருக்கும். குஞ்சு பார்க்க வேண்டுமென்றால் ஊரிலேயே இருக்கும் பறவைகளின் பின்னால்தான் போக வேண்டும்.

மாதக் கணக்கு ஏறக்குறைய இப்படி. தை, மாசியில் பழைய மரப்பொந்துகளில் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும். பங்குனி தொடங்கி வைகாசி வரை வீட்டுத் தோட்டத்துச் சின்னப் பறவைகள், வேப்பமரத்துக் காகம், காகத்தின் கூட்டில் குயில். இதே வெயிலில்தான் வறண்ட ஏரித் தரையில் ஆள்காட்டி முட்டையிடும். ஆனி, ஆடி, ஆவணியில் தூக்கணாங்குருவி. நீர்ப்பறவைகள் மட்டும் காலண்டரைப் பார்ப்பதில்லை, ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்றுதான் பார்க்கும். சேலத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் பங்கு கிடைப்பதால் ஆடியில் தொடங்கி மார்கழி வரைகூட ஏதாவது ஓர் ஏரியில் குஞ்சுகள் நீந்திக்கொண்டிருக்கும்.

அஸ்தம்பட்டியிலிருந்து உங்களுக்குப் பக்கம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. அங்கிருந்தே தொடங்குங்கள். சுமார் 58 ஏக்கர் ஏரி. சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கிப் புது ஏரியை நிரப்பி, அது வழிந்து இங்கே வருகிறது. குப்பையும் கழிவும் சேர்ந்து கெட்டுக் கிடந்த ஏரியை 2010 வாக்கில் ஊர்மக்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து தூர்வாரினார்கள். எடுத்த மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். அந்தத் திட்டுகள்தான் இன்றைக்குப் பறவைகளுக்குப் பாதுகாப்பு. நாயும் மனிதனும் நடந்து போக முடியாத இடமாக இருந்தால்தான் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் நிம்மதியாக உட்காரும். காலையில் ஏழு மணிக்குள் போய்விடுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழுகிற மாதிரிக் கிழக்குக் கரைப் பக்கம் நின்றால் தண்ணீரில் கண் கூசாது.

அங்கே முதலில் மகளுக்குக் காட்ட வேண்டியது நீளவால் இலைக்கோழி. மிதக்கும் இலைகள்மேல் நடந்துபோகும், விரல்கள் அவ்வளவு நீளம். மழைக்காலத்தில் வால் நீண்டு, பின்கழுத்தில் பொன்மஞ்சள் பூசி, உடம்பு சாக்லேட் நிறத்துக்கு மாறியிருக்கும். இந்தக் குடும்பத்தில் பெண்தான் உருவத்தில் பெரிது. ஓர் ஆணோடு கூடி நான்கு முட்டை இட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் முழுக்கத் தகப்பன் வேலை. பளபளக்கும் பழுப்பு நிற முட்டைகளின்மேல் கிட்டத்தட்ட இருபத்தாறு நாள் உட்காரும். இடத்துக்கு ஆபத்து என்று தோன்றினால் முட்டையை நெஞ்சுக்கும் அலகுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வேறு இலைக்கு நகர்த்தும்.

குஞ்சு பொரித்த அன்றைக்கே நடக்கத் தொடங்கிவிடும். உடம்பு கட்டைவிரல் அளவு, கால் மட்டும் அதற்குப் பொருந்தாத நீளத்தில் இருக்கும். பருந்தின் நிழல் ஏரிமேல் விழுந்ததும் நடப்பதைப் பாருங்கள். தகப்பன் ஒரு குரல் கொடுக்கும். குஞ்சுகள் அந்த நொடியே இருந்த இடத்தில் அப்படியே படுத்துவிடும், அல்லது தண்ணீருக்குள் அமிழ்ந்து அலகு நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பைனாகுலரில் அதே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பருந்து போனபின் ஒவ்வொன்றாக அசையும். குளிர்ந்த காலைகளில் நான்கும் தகப்பனின் இறக்கைக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளும். வெளியே தெரிவது பக்கத்துக்கு இரண்டாகத் தொங்கும் நீளக் கால்கள் மட்டுமே. இதன் உறவுக்காரனான தாமிர இறக்கை இலைக்கோழி இன்னும் ஒருபடி மேலே போய், குஞ்சுகளை இறக்கை இடுக்கிலேயே வைத்துத் தூக்கிக்கொண்டு நடக்கும்.

அடுத்தது முக்குளிப்பான். ஊர்க் குளங்களில் சட்டென்று மூழ்கி எங்கேயோ எழும்பும் குட்டிப் பறவை. செடிகொடிகளைக் குவித்து மிதக்கும் மேடை கட்டி முட்டையிடும். வெளியே போக வேண்டி வந்தால் ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும், பார்ப்பவருக்கு வெறும் பாசிக்குவியல் மாதிரித் தெரியும். குஞ்சுக்கு அணில் முதுகு போலக் கோடுகள். முதல் சில நாள் அம்மா, அப்பா முதுகில்தான் சவாரி. ஒருவர் மூழ்கி மீன் பிடித்து வர, இன்னொருவர் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு நிற்பார். முதுகு இறகுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டித் தலை நீண்டு, மீனை வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போகும். குழந்தைகளுக்கு இதைவிடப் பிடித்த காட்சி இந்த ஊர் ஏரிகளில் இல்லை.

சம்புப் புல் அடர்ந்த ஓரங்களில் நீலத் தாழைக்கோழியைத் தேடுங்கள். பெரியதற்கு நீலமும் ஊதாவும், குஞ்சுக்கு முழுக் கருப்பு. தண்டைக் காலால் பிடித்து உரித்து உள்சோற்றைக் குஞ்சுக்கு ஊட்டும். புள்ளிமூக்கு வாத்தும் மழைக்குப்பின் குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வெளியே வரும். முதல் வாரம் எட்டு, ஒன்பது இருந்தால் அடுத்த வாரம் குறைந்துதான் இருக்கும். பருந்தும் காகமும் நாயும் கொண்டுபோயிருக்கும். இதை மகளிடம் மறைக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஏன் அத்தனை முட்டை இடுகிறது என்ற கேள்வி அவளுக்கே தோன்றும், அதற்கான பதிலும் அங்கேயே இருக்கிறது.

ஏரிகளைப் பற்றி ஒரு வருத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏரியை அழகாக்குகிறோம் என்று ஓரத்துச் சம்பையும் கோரையையும் சுத்தமாக வழித்துவிட்டு, கல் பதித்து, சுற்றிலும் விளக்குப் போடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நான்கு பறவைகளில் ஒன்றுகூட அப்படிப்பட்ட கரையில் முட்டை வைக்க முடியாது. ஒரு பக்கக் கரையையாவது புதரும் சேறுமாக விட்டுவைக்க வேண்டும். தூர்வாருவதையும் குஞ்சுகள் நீரில் இருக்கும் மாதங்களில் செய்யாமல் கோடைக்குத் தள்ளினால் செலவு ஒன்றும் கூடப்போவதில்லை. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுக்கிறவர்கள் இதைச் சேர்த்துக் கேட்கலாம்.

கோடையில் போக வேண்டியது நீர் வற்றிய ஏரிகளுக்கு. பனமரத்துப்பட்டி ஏரி 1911-ல் சேலத்துக் குடிநீருக்காகக் கட்டியது, பெரிய பரப்பு. அந்த மாதிரி வறண்ட தரையிலும், ஊரைச் சுற்றியுள்ள சின்ன ஏரிகளின் காய்ந்த வயிற்றிலும் ஆள்காட்டி இருக்கும். உங்கள் ஊர் ஆலாவைப் போலவே கூடு என்று எதுவும் கட்டாது. தரையில் லேசான ஒரு பள்ளம், சுற்றிக் கொஞ்சம் கூழாங்கல், நடுவில் நான்கு முட்டை. மண் நிறத்தில் கருப்புத் திட்டுகளோடு இருப்பதால் காலடியில் இருந்தாலும் தெரியாது. மணல்திட்டில் எப்படி அடி பார்த்து வைப்பீர்களோ அதே கவனம் இங்கேயும் வேண்டும்.

ஆள்காட்டி கத்திக்கொண்டே தலைக்குமேல் வட்டமிட்டால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். இன்னும் கிட்டே போனால் ஒரு இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டுவது மாதிரி நடித்து உங்களை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்க்கும். பலபேர் அதைப் பார்த்துச் சிரித்து, வீடியோ எடுத்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார்கள். அந்த நேரத்தில் முட்டை வெயிலில் கிடக்கிறது. சித்திரை வெயிலில் இந்தத் தரை எவ்வளவு சுடும் என்று செருப்பைக் கழற்றி நின்று பார்த்தால் தெரியும். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதான் நினைக்கிறோம். கோடையில் அது முட்டைக்கு நிழல் கொடுக்கும் வேலை. ஆள்காட்டி தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டைமேல் உட்கார்ந்து குளிர்விக்கும். நீங்கள் பத்து நிமிஷம் நின்றால் அந்தப் பத்து நிமிஷமும் அந்த வேலை நடக்காது. இன்னொன்று, தாய் எழுந்து பறந்த இடத்தைக் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் போனபிறகு அது வரும்.

எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்று கேட்டீர்கள். இத்தனை மீட்டர் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. தெருவோர மரத்து மைனாவுக்கு நீங்கள் அடியில் நடந்தாலும் கவலை இல்லை, ஏரி நடுவில் இருக்கும் வாத்து கரையில் ஆள் வந்தாலே நகரும். பறவை இரை எடுப்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கி உங்களைப் பார்த்தால் நீங்கள் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். கத்தினால் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். இதில் கவனிக்காமல் விட்டுவிடுவது ஒன்று உண்டு. ஒரு சின்னான் (கொண்டைக்குருவி) அலகில் புழுவோடு மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தாவும், ஆனால் புழுவை விழுங்காது, எங்கும் போகவும் போகாது. நமக்குப் படம் எடுக்க அருமையான நேரம் என்று தோன்றும். உண்மையில் அதன் கூடு உங்கள் பக்கத்துப் புதரில் இருக்கிறது, நீங்கள் நிற்பதால் அது உள்ளே போக முடியாமல் தவிக்கிறது. திரும்பி மெதுவாக நடந்து தெருக்கோடிக்குப் போய் நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் அது நேராகப் புதருக்குள் போகும். குஞ்சுகளின் சத்தமும் கேட்கும்.

தூக்கணாங்குருவிக்கு இந்தத் தொல்லை குறைவு, தொலைவிலிருந்தே எல்லாம் தெரியும். ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் கிணற்று மேட்டில் சாய்ந்து நிற்கும் பனை, தென்னை, கருவேல மரங்களில் ஆனிக்குப் பிறகு பாருங்கள். கூடு கட்டுவது ஆண். பாதி கட்டி, தலைகீழ் தொப்பி மாதிரி இருக்கும் கட்டத்தில் நிறுத்திவிட்டு இறக்கையை அடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே உட்கார்ந்து இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும், பிடிக்காததைப் பாதியிலேயே விட்டுவிட்டு ஆண் வேறு கூடு தொடங்கும். மரத்தில் தொங்கும் கூடுகளில் எது முடிந்தது, எது நிராகரிக்கப்பட்டது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள், ஒரு காலை முழுக்கப் போய்விடும். குழாய் வைத்துக் கீழ்நோக்கி நீண்டிருப்பது முடிந்த கூடு. உள்ளே ஈரக் களிமண்ணை அப்பி வைத்திருக்கும். பெரும்பாலான கூடுகள் மரத்தின் கிழக்குப் பக்கத்தில், தென்மேற்குக் காற்று அடிக்காத ஒதுக்கில் தொங்குவதையும் காட்டுங்கள். விழுந்த பழைய கூட்டை எடுத்து வருவதிலே தப்பில்லை, ஆனால் மரத்தில் தொங்குவதைப் பறிக்க வேண்டாம், பழையது போலத் தெரிந்தாலும் உள்ளே சில்லைக் குருவிகள் குடியிருக்கலாம்.

வீட்டைவிட்டு எங்கும் போக முடியாத வாரங்களில் மொட்டை மாடியே போதும். சித்திரைக்குப் பிறகு காகத்திடம் கரகரவென்று கத்தி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் கருப்புக் குஞ்சைப் பாருங்கள். அலகும் உருவமும் காகத்துக்குப் பொருந்தவில்லை என்றால் அது குயில் குஞ்சு. மற்றச் சில குயில் இனங்கள் பொரித்ததும் வீட்டுக்காரர் முட்டைகளைத் தள்ளிவிடும். நம் ஊர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை, காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் கொண்டையோடு ஒரு கருப்பு வெள்ளைக் குஞ்சு தெரிந்தால் அது சுடலைக்குயிலின் பிள்ளை. தவிட்டுக்குருவிகள் கூட்டுக்குடும்பம், அம்மா அப்பாவோடு மற்றவர்களும் சேர்ந்து ஊட்டுவார்கள். அதனால் இந்த ஒண்டிக் குஞ்சுக்கும் குறையில்லாமல் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. துணி காயப்போடும் கொடியிலோ, போர்ட்டிகோ விளக்கு ஒயரிலோ சிலந்தி நூலால் ஒட்டிய ஒரு சின்னப் பொட்டலம் தொங்கினால் அது தேன்சிட்டின் கூடு. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் அந்தக் கொடியைக் கொடுத்துவிடுங்கள்.

இனி, கீழே கிடக்கும் குஞ்சு. வைகாசியில் இதுபற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். முதலில் இறகு முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். உடம்பு முழுக்க இறகு, கட்டை வால், நிற்கிறது, தத்துகிறது என்றால் அது விழுந்த குஞ்சு இல்லை, இறங்கிய குஞ்சு. சின்னான், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் சரியாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். சின்னான் குஞ்சு பொரித்து இரண்டு வாரத்துக்குள் இறங்கும். அதன்பின் சில நாள் புதரிலும் தரையிலும் இருந்துகொண்டே பறக்கப் பழகும், பெற்றோர் அங்கேயே வந்து ஊட்டும். அதை நாம் வீட்டுக்குள் தூக்கிப்போவது பிள்ளையைக் கடத்துவதுதான். நடு ரோட்டில் இருந்தால் எடுத்து ஓரத்துச் செடியில் வையுங்கள். பூனையையும் நாயையும் அன்றைக்குக் கட்டிப்போடுங்கள். அப்புறம் தள்ளி நின்று பாருங்கள். அம்மா வராதபடி நீங்களே காவல் நிற்காதீர்கள்.

இறகு இல்லாத, கண் திறக்காத குஞ்சு என்றால் நிஜமாகவே விழுந்ததுதான். கூடு எட்டினால் எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வது உண்மை இல்லை, வாசனையை வைத்துக் குஞ்சை விலக்கும் பழக்கம் இந்தப் பறவைகளுக்குக் கிடையாது. கூடே காற்றில் சிதறிவிட்டது என்றால், அடியில் துளை போட்ட ஒரு சின்னக் கூடையிலோ கொட்டாங்குச்சியிலோ பழைய கூட்டின் நாரைப் போட்டு அதே மரத்தில், நிழல் விழும் கிளையில் கட்டி வையுங்கள். குஞ்சு கத்துகிற சத்தத்துக்குப் பெற்றோர் பெரும்பாலும் வந்துவிடுவார்கள். எந்தக் குஞ்சின் வாயிலும் தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஒரு சொட்டு தவறிப் போனாலும் செத்துவிடலாம். சோறும் ஊட்ட வேண்டாம். ரத்தக் காயம், முறிந்த இறக்கை, பூனை கடித்தது என்றால் மட்டும் காற்று போகும் அட்டைப்பெட்டியில், இருட்டில் வைத்து வனத்துறையிடமோ பறவைகளைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள்.

பிழைத்த கிளிக்குஞ்சை வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளலாமா என்று சிலர் ஆசையாகக் கேட்கிறார்கள். கூடாது. 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளி பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூட அடக்கம்.

ஏற்காட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே பறவைகளும் வேறு, பார்க்கும் விதமும் வேறு. சமவெளியில் கண்ணால் பார்க்கிறோம், மலையில் முதலில் காதால் பிடிக்க வேண்டும். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர், ஊரில் வியர்க்கும் நாளில்கூட அங்கே காலை குளிரும். காப்பித் தோட்டங்களில் செம்மீசைச் சின்னான் இடுப்புயரச் செடியிலேயே கூடு வைக்கும், பழம் பறிக்கும் கைக்கு எட்டும் தூரம். தோட்டத்து வேலைக்காரர்கள் கூட்டைப் பார்த்தால் அந்தச் செடியைக் கடைசியாகப் பறிக்க விட்டுவிடுவதுண்டு. அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், எந்தக் கிளையில் எந்தக் குருவி என்று நமக்குக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குத் தெரியும். காட்டோரப் பாதையில் அதிகாலையில் காட்டுக்கோழிப் பெட்டை குஞ்சுகளோடு குறுக்கே போகும். ஓடையோரத்தில் விடியுமுன் யாரோ சும்மா சீட்டியடித்துக்கொண்டு போவது மாதிரிக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. ஓடைக்கு மேலே உள்ள பாறை விளிம்பில் கூடு வைக்கும். நெற்றியில் நீலம் பளிச்சிடுவது பெரியது, நீலமே இல்லாமல் மங்கலாக இருந்தால் அந்த வருஷத்துக் குஞ்சு. பாறையும் முட்புதரும் கலந்த சரிவுகளில் மஞ்சள்தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை, அழியும் அபாயப் பட்டியலில் இருப்பது. சேர்வராயன் மலையில் இருப்பதை ஆங்கிலேயர் காலத்திலேயே பதிவு செய்திருக்கிறார்கள். அதைப் பார்க்க நேர்ந்தால் பாறை ஏறிக் கூடு தேட வேண்டாம், சாலையிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் சாலையில் குரங்குகளுக்குப் பழமும் சிப்ஸும் போடுவதை மட்டும் மகளைச் செய்யவிடாதீர்கள். நாட்டுக் குரங்கு முட்டையும் குஞ்சும் தின்னும். நாம் போடும் தீனியால் சாலையோரத்தில் குரங்கு பெருகினால், அந்தச் சாலையோரத்து மரங்களில் எந்தக் கூடும் தப்பாது. கூட்டம் வேண்டாம் என்றால் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுங்கள், அங்கே நிறுத்தி நின்று கேட்க முடியும்.

சாமான் அதிகம் வேண்டாம். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி உள்ள பைனாகுலர் நல்லது. பத்து மடங்கு வாங்கினால் குழந்தைக் கையில் படம் ஆடும். ஏழு வயதுக்குச் சின்னதாக, எடை குறைந்த ஒன்று தனியாக வாங்கிக் கொடுங்கள், உங்களுடையதைப் பங்கு போட்டால் இருவருக்கும் எரிச்சல்தான் வரும். மெர்லின் செயலி குரலை வைத்துப் பெயர் சொல்லும், பயன்படுத்துங்கள். ஆனால் அதிலிருக்கும் குரலைச் சத்தமாகப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். குஞ்சு வைத்திருக்கும் பறவை, எதிரி வந்துவிட்டான் என்று வேலையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். சேலம் பறவையியல் கழகத்தார் இந்த ஊர்ப் பறவைகளை வருஷக்கணக்காகக் கவனித்துப் பதிவு செய்கிறவர்கள், அவர்களோடு ஒரு காலை நடந்தால் நான் எழுதியதைவிட அதிகம் கற்றுக்கொள்ளலாம். ஜனவரியில் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-லிருந்து நடக்கிறது. வீட்டு மாடியில் நின்று பதினைந்து நிமிஷம் எண்ணினாலும் சேர்த்துக்கொள்வார்கள், மகளின் பெயரிலேயே தொடங்கலாம்.

பார்த்ததை ஈபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) ஏற்றும்போது குஞ்சு இருந்தது, இரை ஊட்டியது என்பதைக் குறிக்க இடம் இருக்கிறது, மறக்காமல் குறியுங்கள். எந்தப் பறவை எந்த மாதம் எந்த ஏரியில் குஞ்சு பொரிக்கிறது என்ற தகவல் நம் பக்கம் இன்னும் நிறையத் தேவைப்படுகிறது. கூட்டின் படத்தையும் சரியான இடத்தையும் மட்டும் வாட்ஸப் குழுவிலோ முகநூலிலோ போடாதீர்கள். கேமரா பிடித்தவர்கள் மறுநாள் காலையிலேயே வரிசையில் நிற்பார்கள், வெளிச்சம் விழவில்லை என்று கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பார்கள். ஏரியின் பெயர் வரை சொன்னால் போதும்.